அண்ணன் வந்தால் நகரும் புள்ளி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரி பிசிக்ஸ் லேபில் அட்டெண்டராக இருந்தவன். நீங்கள் சிரித்தாலும் சரி, இது நடந்தது.

என் அண்ணன் முருகேசன் அதே திண்டுக்கல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். அறுபதுகளில் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தான். காற்றை உறிஞ்சிவிட்டு ஒரு முனையில் இழையைச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் பாய்ந்து மறுமுனைத் திரையில் பச்சையாக ஒளிரும். பரவி விழும் அந்தக் கற்றையை, குழாயைச் சுற்றிய கம்பிச்சுருளால் இறுக்கி ஊசிமுனைப் புள்ளியாக்க வருடக்கணக்கில் மல்லுக்கட்டினான். காந்தம் கிட்டே வந்தால் புள்ளி நகரும். அண்ணன் இடுப்பிலோ ஒரு சாவிக்கொத்து, லேப் காந்தங்களோடு கிடந்து காந்தமேறிப் போனது, சாவிகள் ஒட்டிக்கொண்டு கிலுங்கவே கிலுங்காது. அவன் மேஜையை நெருங்கினாலே புள்ளி இடப்பக்கம் துள்ளும். "அண்ணே, நீ வாரது திரையில தெரியுது" என்பேன்.

பம்பாயில் எலெக்ட்ரான்களை முடுக்கும் பெரிய யந்திரம் கட்டுகிறார்கள், கற்றையைக் குவிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று சேதி வந்தது. எங்கள் துறைத்தலைவர், குழாயைத் தானே செய்ததாகச் சொல்லிவிட்டார். அண்ணன் போய்க் கேட்டதற்கு, "ஒன்னைய யாருப்பா கூப்புட்டா?" என்றாராம். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் அண்ணன் போய்ச் சேர்ந்தான். அந்த மனுஷன் எழவுக்குக்கூட வரவில்லை.

பம்பாய்க்காரர்கள் குழாயைப் பார்க்க வந்தது பட்டப்பகலில். தலைவர் எதைத் திருகியும் கற்றை குவியவில்லை, கல்லில் ஊற்றிய தோசைமாவு மாதிரி பரவிக் கிடந்தது. நல்லா வேணும், மானம் போகட்டும் என்று நின்றேன். அவர் கையை எடுத்து வேர்வையைத் துடைத்தார். அப்போது, யாரும் தொடாமலே, அந்தப் பச்சைத் திட்டு இடப்பக்கம் துள்ளியது. வாசலைப் பார்த்தேன், ஆளில்லை. சாவிக்கொத்தோ எங்கள் ஊரான அகரத்தில், வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. திட்டு மெல்ல நடுவுக்கு வந்து, சுருங்கி, ஊசிமுனையானது. அண்ணன் இருந்தபோதுகூட அப்படியொரு புள்ளியை நான் பார்த்ததில்லை. பம்பாய் வேலை தலைவருக்கே கிடைத்தது.

செத்தும் அந்த ஆளுக்குத்தான் உழைத்துக் கொடுத்தான், கூறுகெட்டவன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கத்தினேன். "அவுகளுக்கு ஆளா முக்கியம்? அந்தப் புள்ளி கலங்குனா தாங்க மாட்டாக தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது வீட்டில் பழைய பிக்சர் டியூப் டிவி இருக்கிறது, அதற்குள்ளும் அதே எலெக்ட்ரான் கற்றைதான். சில சாயங்காலங்களில் படம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். மகன் வோல்டேஜ் என்கிறான். நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன், சாவிக்கொத்து வைத்த இடத்திலேயே இருக்கும். "இங்க யாருக்குண்ணே வேல பாக்க வந்திருக்க?" என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். கேட்டதில்லை.