மடிப்பு விழும் இடம்

ஜமுனா என் தம்பி வரதனின் ஒரே மகள். தீனா என் தங்கை குப்பம்மாளின் மகன். ஜமுனாவுக்குக் காது குத்தியபோது தீனாவின் அப்பா மாசிலாமணி, "இது எங்க வூட்டுக்கு வர வேண்டிய பொண்ணு, பத்திரமா வளத்து குடுங்கடா" என்று சபையில் சொன்னார். அன்றைக்கு அவர் குடித்திருந்தார் என்பது வேறு விஷயம். பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வதும் பிள்ளைகள் அதை மறப்பதும் எங்கள் சனத்தில் உண்டு. இவர்கள் மறக்கவில்லை. விவரம் தெரிந்த பிறகு அவர்களாகவே அந்தப் பேச்சை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் திட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் படகில் போகவேண்டும். ஜமுனா படகில் போய்ப் படித்தாள், பிறகு பஸ்ஸில் பொன்னேரிக்கு, அதன்பிறகு ரயிலில் சென்னைக்கு. கடைசியில் பெங்களூரு. ஒவ்வொரு படிப்பு ஏறும்போதும் ஊருக்கு வருவது குறைந்துகொண்டே போயிற்று. தீனா எட்டாவதோடு நின்று வலைக்குப் போய்விட்டான்.

அங்கே அவள் என்னதான் படிக்கிறாள் என்று குப்பம் முழுக்கக் கேட்கும். ஒரு பொங்கலுக்கு வந்தவள் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள். உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள், அதற்குச் செல் என்று பெயர். ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு தோல். தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தாலும் அந்தத் தோல் அதைவிட மெல்லிசு. அந்தத் தோல் எப்படி வளைகிறது, எப்படி மடிகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியாம்.

குப்பம்மாள் விடவில்லை. "தோலா? எறா தோல நாங்க தெனமும் தான் உரிக்கறோம். அதுக்கு எதுக்குடி பெங்களூரு?"

"அத்தே, நீ கட்டிகினு கீற பொடவையப் பாரு. முன்னால கொசுவம் இன்னாத்துக்கு வெச்சிருக்கே?"

"கொசுவம் இல்லன்னா காலை எப்டி எட்டி வெக்கறது? கிழிஞ்சி பூடாதா?"

"அதே தான். எறா செவுள்ல கீற செல்லுக்கும் கொசுவம் கீது. மழை பேஞ்சி ஏரில நல்ல தண்ணி எறங்குச்சின்னா செல்லு ஊதும். கொசுவம் பிரிஞ்சி எடம் குடுக்கும். இல்லன்னா வெடிச்சிடும். அப்பால உப்பு ஏறுனா செல்லு சுருங்கும், கொசுவம் திரும்ப விழும்."

"அதான் தெரிஞ்சி போச்சே. மூட்டைய கட்டு, வா."

"ஒண்ணு தெரியல அத்தே. பிரிஞ்ச மடிப்பு திரும்ப அதே எடத்துல விழுதா, வேற எடத்துல விழுதா? அத உசிரோட பாக்கணும். பாத்துட்டா வந்துடுவேன்."

தீனா வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை அவன் பிடித்துக்கொண்டான் என்பதை அவன் கை நின்றதில் பார்த்தேன்.

அவனுக்கு அவசரம் இருந்தது. ஏரியில் வலை கட்டுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். வருஷா வருஷம் சித்திரையில் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, எந்த இடம் எந்த வீட்டுக்கு என்று முடிவாகும். எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இங்கேயே அடுப்பு மூட்டி வாழ்கிற வீட்டுக்குத்தான் சீட்டு. ஆம்பளை செத்துப்போனால் மகன் கட்டிக்கொண்டு வரட்டும் என்று கொஞ்ச காலம் பொறுப்பார்கள். அதற்குமேல் அந்த வீட்டுப் பங்கு பொதுவுக்குப் போய்விடும். மாசிலாமணி மஞ்சள்காமாலையில் போனார். ஊர் பொறுத்தது. வருகிற சித்திரை விட்டு அடுத்த சித்திரைதான் கடைசி என்று தலைவர் மூர்த்தி சொல்லிவிட்டார்.

ஜமுனா ஓடிவந்து தாலி கட்டிக்கொண்டு திரும்ப ஓடினால் செல்லாது. அவள் இங்கேயே இருக்கவேண்டும். ஆராய்ச்சி முடிந்தால் பொன்னேரிப் பக்கம் ஏதாவது கல்லூரியில் வேலை தேடிக்கொண்டு இருந்துவிடலாம் என்பது அவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்தது. ஆக, அந்த மடிப்பு எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் இங்கே கல்யாணம்.

ஆராய்ச்சிக்கு உயிர் இறால் வேண்டும், வலையில் அடிபடாத இறாலாக. தீனாதான் பிடித்து அனுப்புவான். காற்று அடைத்த பையில் போட்டு, பொன்னேரி வரை பஸ்ஸில் கொண்டுபோய், தெரிந்தவர் கையில் ரயிலேற்றிவிடுவான். மாதா மாதம் அனுப்பினான். மாதா மாதம் ஜமுனா போனில் அழாத குறையாகப் பேசினாள். இறால் உயிரோடுதான் வருகிறது, ஆனால் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் செல்லில் ஒரு மடிப்புகூட இல்லை. மடிப்பே இல்லாத இடத்தில் எது பிரிகிறது, எது விழுகிறது என்று பார்ப்பது? மருந்து மாற்றினாள், விளக்கு மாற்றினாள், அவளுடைய பெரிய டாக்டரிடம் திட்டு வாங்கினாள். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

தை மாதத்தில் ஒருநாள் போனை மணலில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஜமுனா தீனாவைக் கேட்டாள்: "மாமா, பையில ஊத்தற தண்ணிய எங்கேந்து மொள்றே?"

"ஏரித்தண்ணி தான். பாடு கட்ற எடத்துலேந்து."

குப்பம்மாள் பெருமையாக உள்ளே புகுந்தாள். "அவன் அப்டியே சேத்தோட தான் கொண்டாருவான். நான் தான் ராத்திரி முச்சூடும் ஒரு அண்டா நல்ல தண்ணில அதுங்கள உட்டு, அழுக்கு போவ அலசி, காத்தால ஏரித்தண்ணிய கொட்டிட்டு நல்ல தண்ணியே ஊத்தி பைய கட்டுவேன்."

குப்பம்மாள் போனை மணலிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள்.

"அலோ? இன்னாடி, கேக்குதா?"

"கேக்குது அத்தே."

உறவுக்குப் போகிற இறாலைச் சேற்றோடு அனுப்புவது எங்களுக்கு அவமானம். நல்ல தண்ணீரில் அலசினால்தான் மரியாதை. வருகிற மருமகளுக்கு என்றால் கேட்கவேண்டுமா? குப்பம்மாள் ஊறவைத்த அன்றிரவே அந்த இறால்களின் செவுளில் இருந்த மடிப்பெல்லாம் பிரிந்து போயிருக்கிறது. பெங்களூருக்குப் போனது பிரிந்து முடிந்த செல்.

ஜமுனா திட்டுவாள் என்று பயந்தோம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ மாறி அழுகையானது. குப்பம்மாள் முகம் சுருங்கிப்போய், "எனக்கு இன்னாடி தெரியும், கொசுவத்த உள்ள வெச்சிகினு கீதுன்னு" என்றாள்.

தீனா எழுந்து, "நானே எடுத்துனு வரேன்" என்றான்.

அவன் அதுவரை சென்னையைத் தாண்டினதில்லை. மூடி போட்ட இரண்டு கேனில் ஏரித்தண்ணீர், அதில் இறால், மீன்தொட்டிக்காரர்கள் வைக்கிற காற்று மிஷின். ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்றம் என்று தள்ளி உட்கார, தாராளமாக இடம் கிடைத்ததாம். வழி முழுக்கக் கையைக் கேனுக்குள் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். இதெல்லாம் அவன் வந்து எனக்குச் சொன்னது.

ஆராய்ச்சிக் கூடத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனானாம். ஜமுனாவோடு வேலை செய்யும் பெனிட்டா என்கிற பெண், "ஓ, இவர்தான் எறா மாப்பிள்ளையா?" என்று கேட்க, இவனுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

இருட்டறை. ஒரு திரை. செல் வட்டமாக, பச்சையாக மின்னுகிறது. மேலெல்லாம் வெளிச்சக் கோடுகள், அதுதான் மடிப்பு. ஜமுனா நல்ல தண்ணீரை விட்டாள். செல் ஊதிற்று, கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து மொழுக்கென்று ஆயிற்று. பிறகு அவன் கொண்டுபோன ஏரித்தண்ணீரை விட்டாள். விட்டுவிட்டு இரண்டு பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு கோடு. அப்புறம் இன்னொன்று. அத்தனையும் வேறு வேறு இடத்தில். ஜமுனா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்திருந்ததை வெளியே வந்துதான் பார்த்தான்.

டீக்கடையில் அவன் கேட்டான். "பாத்துட்டியே. இப்போ வரியா?"

"ஒரு செல்ல பாத்து சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மாமா. எத்தினியோ பாக்கணும். எதுக்கு எடம் மாறுதுன்னும் கேப்பாங்க. இன்னும் ரெண்டு மழைக்காலம் ஆவும்."

"சித்திரையில சீட்டு."

"தெரியும்."

"அம்மா மோகன்குமார் பொண்ணு வைஷ்ணவிய பேசி வெச்சிகினு கீது."

"அதுவும் தெரியும். அத்தே எனக்கே போன் போட்டு சொல்லிச்சி."

"நீ இன்னா சொன்னே?"

"வைஷ்ணவி நல்லா கொழம்பு வெப்பான்னு சொன்னேன்."

தீனாவுக்குக் கோபம் வந்து எழுந்துவிட்டான். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்: "கட்டிக்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கட்டிக்காதேன்னு சொல்ல எனக்கு இன்னா பாத்தியத கீது? நான் தான் வர மாட்டேங்கறேனே."

காலிக் கேன்களோடு ஊர் திரும்பினான்.

சித்திரையில் கோயில் முன்னால் குப்பம் கூடியது. மோகன்குமார் வெற்றிலை பாக்கோடு தயாராக உட்கார்ந்திருந்தார். தீனா தலையாட்டினால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம், ஊரும் சீட்டில் சேர்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. மூர்த்தி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்.

"மாசிலாமணி வூடு. அடுப்பு எரியுதா?"

தீனா எழுந்தான். "எரியல தலைவரே. பங்க பொதுவுல சேத்துக்கோங்க."

"டேய் பாவி!" குப்பம்மாள் மணலில் அறைந்தாள். "ஒங்கப்பன் கழுத்தளவு தண்ணில நின்ன எடம்டா அது! மடிப்பு பாக்கறாளாம் மடிப்பு! ஒன் வாழ்க்கைய மடிச்சி வெச்சிட்டாளே!"

வரதன் பெண்ணைப் பெற்றவன். தலையைக் குனிந்துகொண்டான். மூர்த்தி பொறுமையாக, "இன்னொரு தபா கேக்கறேன், யோசிச்சி சொல்லு. அடுப்பு எரியுதா?" என்றார்.

"எரியல."

அவ்வளவுதான். மாசிலாமணியின் பாடு போயிற்று.

அன்று சாயங்காலம் தீனா ஜமுனாவுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இனிமே இங்க ஒனக்காக எந்த எடமும் காத்துகினு இல்ல. நான் மட்டுந்தான் கீறேன். நீ நிதானமா பாரு" என்றான். பங்கே இல்லாத வீட்டுக்கு அடுப்புக் கட்டுப்பாடு எதற்கு? பெண்டாட்டி எங்கே இருந்தாலும் கேட்க ஆளில்லை. ஆனியில் அதே கோயிலில் தாலி கட்டினான். குப்பம்மாள் வரமாட்டேன் என்று வெளியே நின்றாள். ஆரத்தித் தட்டை யாரோ இடப்பக்கமாகச் சுற்றவும் பொறுக்கமுடியாமல் உள்ளே வந்து பிடுங்கிச் சுற்றினாள். ஜமுனா சில நாள் இருந்தாள், மஞ்சள் கயிறு புதுசு மாறாமலே பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டாள்.

இப்போது தீனா தன் மாமன் வரதனின் படகில் ஆளாகப் போகிறான். கரை சேர்ந்தால் சாப்பிடுவதற்கு முன்னால் போனை எடுக்கிறான். ஜமுனா அங்கே திரையில் தெரிவதைத் தன் போனில் பிடித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். எனக்கும் காட்டினான். பச்சையாக ஒரு வட்டம், அது மெல்லச் சுருங்குகிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை. மடிப்பு வர நேரமாகும் என்றான். ஆனால் பின்னால் அவள் குரல் கேட்கிறது. பதிவாகிறது என்று தெரியாமல் அந்தச் செல்லிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்: "இரு... இரு... அவசரப்படாதே... வந்துடும்."

படகைத் தள்ள வரதன் கூப்பிடுகிறான். "வரேன் மாமா" என்று பதில் கொடுத்துவிட்டு, தீனா படத்தை மறுபடி முதலிலிருந்து போடுகிறான்.