இரண்டரை மணித் தமிழ் ஆட்டம்

சினிமா தியேட்டரில் மேனேஜராக இருப்பவனுக்கு எந்தப் படத்தையும் முழுசாகப் பார்க்கக் கொடுத்து வைப்பதில்லை. ஆனால் எல்லாப் படத்தைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் நைனா இது சம்பந்தமாக ஒன்று சொல்லுவார். “படம் எப்படின்னு உள்ள போறவனைக் கேக்காதடா, முடிஞ்சு வெளிய வர்றவனையும் கேக்காத...” அதற்கப்புறம் வேறு யாரையோ கேட்கச் சொன்னார். யாரை என்பதுதான் ஞாபகம் இல்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபது வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் சொந்த ஊர் புத்தூருக்கே திரும்பி வந்தவன் நான். ஐந்தாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடம், அதற்கு மேல் தமிழ். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்கர் இப்போது தியேட்டர் முதலாளி. “ரெண்டு பாஷையும் தெரிஞ்சவன் வேணும், வாடா” என்றான். வந்துவிட்டேன்.

ஒரே திரை, நாலு ஆட்டம். மூன்று தெலுங்கு. மதியம் இரண்டரை மணி ஆட்டம் மட்டும் தமிழ். பக்கத்து ஊர் நகரியின் தறிக்காரர்கள் தறி நிற்கிற நாளில் குடும்பத்தோடு ரயிலேறி வருவது அதற்குத்தான். அதையும் தெலுங்காக்கிவிடலாம் என்று பாஸ்கர் மாதம் ஒருமுறையாவது சொல்லுவான். நானும் மாதம் ஒருமுறை சண்டை போட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். சமீபத்தில் வந்த படங்களைப் பார்த்து நொந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், இந்தச் சண்டை எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே புரியும்.

பத்தாவது மாடி

புத்தூரில் தியேட்டர் நடத்தினால் கட்டுப் போட்டவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். எங்கெங்கிருந்தோ எலும்பு முறிந்து இங்கே கட்டுப் போட வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் படத்துக்கு வந்து உட்காருவார்கள். ஒரு நாள் வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வலது கையை மூங்கில் பத்தையும் துணியுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓரத்து சீட்டாகப் பார்த்துக் கொடுத்தேன்.

இந்தக் காலத்துப் படம்தான். கதாநாயகன் பத்தாவது மாடியிலிருந்து ஒரு லாரி மேல் விழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, அதே லாரியைத் தூக்கி வில்லன் மேல் போட்டான். விசில் பறந்தது. அடிபட்டவனுக்கு வலிக்காத சண்டையில் எனக்கு என்ன பயம் வரப்போகிறது என்பது என் அபிப்பிராயம். இடைவேளையில் அந்தக் கைக்கட்டுக்காரர் டீயை இடது கையில் வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார்: “இவனுக்குக் கட்டுப் போடற வைத்தியர் எந்தத் தெருவுல கீறாரு சார்? நானு மூணு படியில வழுக்கி வுழுந்து ஆறு வாரமா சோத்தைப் பெசைய முடியாம கீறேன்!”

கோவிந்தா

புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். போன புரட்டாசியில் மஞ்சள் வேட்டியோடு ஏழெட்டுப் பேர், பெரியவர் ஒருவர் தலைமையில், கால் கொப்புளத்தோடு வந்து தமிழ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள். ஏசிக்காகத்தான் வந்தோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

பெரிய நடிகரின் படம். முதலில் செருப்பைக் காட்டினார்கள். அப்புறம் முதுகு. அப்புறம் சிகரெட் புகை. அப்புறம் மறுபடி செருப்பு. கடைசியில் ஒருவழியாக முகம் தெரிந்ததும் தியேட்டரே எழுந்து நின்று கத்த, இந்த ஏழெட்டுப் பேரும் பழக்க தோஷத்தில் “கோவிந்தா, கோவிந்தா” என்று கை தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் பெரிய சிரிப்பு. படத்தில் அந்த அளவுக்கு ஒரு நகைச்சுவை கிடையாது. வெளியே வரும்போது பெரியவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “தம்பி, எங்க பெருமாளைக் கூட இவ்ளோ நேரம் காக்காம பாத்துடுவோம் போலிருக்கு.”

பாதிச் சாப்பாடு

நகரியில் நாலு விசைத்தறி வைத்திருக்கும் முனிரத்தினம் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். படம் நல்லா இல்லை என்று சொல்வதற்காகவே வருகிறவர். ஒரு வாரம் படம் முடிந்து விளக்கெல்லாம் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. படம் ஒரு கத்தி பாதி வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போது நின்று, ‘மீதி இரண்டாம் பாகத்தில்’ என்று எழுத்து வந்திருந்தது. முடிவு தெரியாத படத்தை முடித்ததாக நினைக்கிற தைரியம் எனக்கும் புரிவதில்லை. “முடிஞ்சுட்சுங்க” என்றேன். முனிரத்தினம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “கல்யாண ஊட்டுல சாம்பாரை ஊத்திட்டு, ரசம் அடுத்த தை மாசம் வந்து துன்னுங்கன்னு எலையை எடுத்துக்கினு போறாங்களே, இது நாயமா சார்?”

பாஷை மாறிய நாள்

இது என் தப்பு. இப்போதெல்லாம் படம் பெட்டியில் வருவதில்லை. தமிழும் தெலுங்கும் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்து வரியாக இருக்கும். வேண்டியதைத் தொட்டால் ஓடும். அன்றைக்கு ஆபரேட்டர் லீவு. இரண்டரை மணிக்கு நான்தான் தொட்டேன். தொட்டது தெலுங்கு.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தமிழ் ஆட்டம் என்று நம்பி வந்தவர்கள். பத்து நிமிஷம் போனது, இருபது, முப்பது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் ஆபீஸில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து முனிரத்தினத்தின் சம்சாரம் கோமளா மட்டும் இருட்டில் தடவிக்கொண்டு வெளியே வந்து என் கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் ஓடினேன். படத்தை நிறுத்தி, தமிழை முதலிலிருந்து போட்டேன்.

“ஏம்மா, இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கின்னா தெரியும்? இவ்ளோ நேரம் அடிச்சிக்கினு கத்திக்கினு இருந்தானுங்க. இப்பதான் ஆத்தாக்காரி வந்து புள்ளைய ஒரு வார்த்தை கேட்டா, அது தெலுங்கா கீது!”

பாஸ்கரின் தீர்ப்பு

சேதி சாயங்காலத்துக்குள் பாஸ்கருக்குப் போய்விட்டது. சந்தோஷமாக வந்தான்.

“ஏம்ரா தணிகா, நாப்பது நிமிஷம் தெலுங்கு ஓடியிருக்கு, ஒருத்தனுக்கும் தெரியல. அப்புறம் தமிழ் ஆட்டம் யாருக்குடா?”

“தெரியாததுக்குக் காரணம் பாஷை இல்லைடா. அந்த நாப்பது நிமிஷத்துல புரிஞ்சிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஜப்பான் பாஷையில போட்டிருந்தாலும் பாத்துக்கினு இருந்திருப்பாங்க.”

“நல்லா பேசற. சீட்டு நெறையணுமே?”

டிக்கெட் கணக்கு நோட்டைப் புரட்டினான். பிறகு அவனே சொன்னான்: “சரி, கடைசியா ஒரு வாரம். வர்ற வெள்ளிக்கிழமை புதுசா ஒரு பெரிய படத்தோட தமிழ் வருது, அதைப் போடு, ஆளுங்க தானா வருவாங்க. இல்ல, உனக்கு இஷ்டமானதைப் போடு. சீட்டு காலியா இருந்தா அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து நாலும் தெலுங்கு. அப்புறம் எங்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்காத.”

எனக்கு இஷ்டமானது ஒன்று இருந்தது. திருப்பதியில் ஒரு விநியோகஸ்தர் ஆபீஸில் போட்டுக் காட்டியதால் அபூர்வமாக முழுசாகப் பார்த்த சின்னத் தமிழ்ப் படம். பேர் தெரியாத நடிகர்கள். அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரு அக்கா, அம்மாவை யார் வீட்டுக்குக் கூட்டிப் போவது என்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். ஒரு அடி கிடையாது, ஒரு லாரி கிடையாது. பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாருடைய வாயைப் பார்த்தாலும் எனக்குத் தெரிந்த வாயாக இருந்தது. பெரிய படத்தையும் அங்கேயே கொஞ்சம் பார்த்தேன். அதில் ஆரம்பத்திலேயே நாற்பத்தைந்து பேர் செத்தார்கள். ஒருவருக்கும் பேர் கிடையாது.

கோமளாவின் கேள்வி

மறுநாள் சாமான் வாங்க வந்த கோமளா, தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார். முந்தின நாள் நாற்பது நிமிஷத்தை இரண்டு தடவை பார்க்க வைத்த கோபம் இன்னும் இருந்தது. அப்போதுதான் நைனாவின் பேச்சில் விட்டுப்போன ஆள் யார் என்று எனக்குப் பட்டது. உள்ளே போகிறவரும் இல்லை, முடிந்து வருகிறவரும் இல்லை. நடுவில் எழுந்து வந்து கதவைத் தட்டுகிறவர். நைனா வேறு யாரையாவதுகூடச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் இந்தம்மாவையே கேட்டேன்.

“வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு படம் கீது. பெரிய படம் ஒண்ணு. இன்னொண்ணு சண்டையே இல்லாதது, பேசிக்கினே இருப்பாங்க. எதைப் போடலாம்?”

“இன்னாத்தைப் பத்திப் பேசுவாங்க?”

“அம்மாவை யார் வெச்சிக்கறதுன்னு.”

கோமளா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “எங்க மாமியாரை இட்டுக்கினு வரலாமா, வேணாமா?”

“அது உங்க இஷ்டம்.”

“வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. அழுவாச்சியா இருந்தா மட்டும் பாதியில எழுந்து வந்து உன் கதவைத் தட்டுவேன், பாத்துக்கோ” என்றார்.

ஆபீஸுக்குள் போய், வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு நேராக அந்தச் சின்னப் படத்தின் பேரை எழுதி, பாஸ்கருக்கு அனுப்பிவிட்டேன்.