பிலோமினம்மாவின் முறை

நன்றாகச் சிங்களம் பேசத் தெரிந்ததே பிலோமினம்மாவுக்கு வினையாகப் போயிற்று.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் அவள் பால் வெட்டுகிறவள். அருகில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் கிராமத்துச் சிங்களப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். 1997இல், முப்பது வயதில், ஆளில்லாத மலைக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவது அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. புருஷன் பாக்கியநாதன் முதலில் ஜெபக் கூட்டத்துக்கும் பிறகு மந்திரிக்கிறவரிடமும் கூட்டிப்போய், கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மாத்திரை அந்தக் குரலைத் தூரத்துக்குத் தள்ளியது. ஆறு வருடம் கழித்து மாத்திரையைக் கூட்டினார்கள். அன்று முதல் கை நடுங்கியது.

மற்றவர்களுக்குக் கை நடுங்கினால் தேத்தண்ணீர் சிந்தும். பால் வெட்டுகிறவளுக்கு நடுங்கினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கும். அந்த இடம் முடிச்சு விழுந்து, பிறகு வெட்ட உதவாது.

"பட்டயத்தான் சீவச் சொன்னேன், மரத்த அறுக்கச் சொல்லல," என்றார் கங்காணி இந்திரகுமார். "இன்னும் ஒரு மாசம் பாப்பேன். பொறகு ஒனக்குப் புல்லு வெட்டுதான்."

நடுக்கத்துக்கு மருந்து கேட்க டொக்டரிடம் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் கிடைக்கவில்லை.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மனநோய்க் கிளினிக். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழர். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியில் ஆளும் கிடையாது. ஒரு நாள் ஒரு கிழவருக்காகப் பிலோமினம்மா வாய் திறந்தாள். அதோடு அது அவள் வேலையாகிவிட்டது. "நங்கி, மெஹாட்ட எண்ட", தங்கச்சி, இங்கே வா, என்று நர்ஸ் மிஸ் கூப்பிட்டால் எழுந்து போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு பேருடைய பயத்தையும் அழுகையையும் சிங்களமாக்கி முடிக்கையில் டொக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளியிருப்பார். "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கிறாய்" என்று சிரித்தபடி அவள் கிளினிக் கொப்பியில் பழைய மருந்தையே எழுதுவார். தெளிவாகப் பேசுகிறவளுக்கு நோய் இருக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

தமிழ் தெரிந்த ஒருவரைப் போடும்படி மேலிடத்துக்கு மூன்று தடவை மனுக் கொடுத்தாள். இந்தக் கிளினிக்கில் மொழிப் பிரச்சினை இருப்பதாகப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அவள் செய்த உதவியே, உதவி தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

தொழிற்சங்கத்துக் கஜேந்திரனிடம் முறையிட்டாள்.

"நீங்க இருக்கிறது நம்ம சனத்துக்கே பெரும, அக்கா."

"பெருமய தண்ணியில கரச்சிக் குடிச்சா கை நடுங்காதா தம்பி?"

2004 பெப்ரவரியில், இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள். நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள். மிஸ் கூப்பிட்டார்.

"அத மமத் லெடெக்," என்றாள். இன்றைக்கு நானும் நோயாளி. மிஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

முதலில் உள்ளே போனவள் மூக்காயி, புருஷன் இராமசாமியோடு. கதவு திறந்திருந்தது.

"அந்த மாத்திர போட்டா நாக்கு தடிச்சிப் போகுதுங்க. முழுங்கவே முடியல," என்றாள் மூக்காயி.

சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், மருந்தைக் கூட்டித் தாருங்கள் என்று இராமசாமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். டொக்டர் பேனையை எடுத்தார்.

பிலோமினம்மாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இராமசாமி மேல்கூட அல்ல. தன் வைராக்கியத்துக்குப் பத்து நிமிட ஆயுள்கூட இல்லையே என்று. எழுந்து உள்ளே போனாள்.

"அவர் சொன்னது அவள் சொன்னதல்ல," என்றாள் சிங்களத்தில்.

"அப்படியென்றால் அவள் என்ன சொன்னாள்?"

"சொல்கிறேன். முதலில், அவள் சொன்னது உங்களுக்கு விளங்கவில்லை என்று கொப்பியில் எழுதுங்கள்."

"எதற்கு?"

"பதிவு இல்லை என்கிறார்கள். அதற்கு."

"வெளியே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், தெரியுமா?"

"அவர்களுக்கும் எழுத வேண்டும்."

டொக்டரின் காது சிவந்தது. தன்னால்தான் சண்டை என்று பயந்து, "நா போயிர்றேங்க," என்று எழுந்தாள் மூக்காயி.

"குந்துக்கா. ஒன் நாக்கப் பத்தித்தான் பேசுறோம்," என்றாள் பிலோமினம்மா.

நோயாளி சொன்னது விளங்கவில்லை, மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று டொக்டர் எழுதினார். அதை வாசித்துப் பார்த்த பிறகே அவள் நாக்கைப் பற்றிச் சொன்னாள். மருந்து கூடவில்லை, மாறியது. அன்று பன்னிரண்டு கொப்பிகளில் அந்த வரி ஏறியது. அவள் முறை வரும்போது மணி ஒன்று. டொக்டர் அவள் முகத்தைப் பார்க்காமலே பழைய மருந்தை எழுதினார். மார்ச்சில் கங்காணி அவளைப் புல்லு வெட்ட அனுப்பிவிட்டார்.

அவள் ஒவ்வொரு மாதமும் அந்த வரியை எழுத வைத்தாள். கொப்பிகளைப் பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியது கஜேந்திரன், அவ்வளவாவது செய்தார். செப்டெம்பரில் தாஸிம் என்ற இளைஞரை, கிளினிக் நாளுக்கு மட்டும், மொழிபெயர்க்க நியமித்தார்கள். மாதத்தில் ஒரு நாளைக்கு ஓர் ஆளைப் போட ஏழு மாதம்.

அன்று பத்தரை மணிக்கே அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி வைத்தாள். டொக்டர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமாக?"

சிங்களத்தில் பதில் சொல்ல வாயெடுத்தாள். அடுத்தவர் நோயைச் சொல்லிச் சொல்லி, தன் நோய்க்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை போலிருந்தது. கதவருகே நின்ற தாஸிமைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குத்தான் சிங்களம் நல்லா வருமே அக்கா," என்றார் அவர்.

"வரும். இருந்தாலும் நீங்களே சொல்லுங்க தம்பி."

தமிழில், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். டொக்டர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.