மாட்டுக்குத் தெரிந்த சத்தம்

நான் பெயிண்ட் அடிப்பவன். நான் அடித்த சுவர் அடுத்த மழைக்கே உரிந்துவிடும் என்பது எங்கள் ஊருக்கே தெரியும். வேறு ஆள் கிடைக்காத நாளில்தான் கூப்பிடுவார்கள். படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் என்னை வெளியே நிறுத்தியிருந்தார். எனக்கு வந்த ஒரே வித்தை, கையில் கிடைப்பதில் தாளம் போடுவது. வேலையில்லாத சாயங்காலங்களில் கூட்டாளிகள் இரண்டு பேரும் நானும் காங்கேயம் பஸ் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்து எண்ணெய் டின், பெயிண்ட் டப்பா, எவர்சில்வர் தட்டு என்று அடித்துக் கூட்டம் சேர்ப்போம்.

அடுத்த வீட்டு அக்கா தனியாள். ஒரு மாட்டின் பாலில்தான் பிழைப்பு. சாயங்காலமானால் இரும்பு வாளியில் புண்ணாக்குத் தண்ணீர் கலக்கி, விளிம்பில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார். எங்கே மேய்ந்தாலும் மாடு வந்துவிடும். கணீரென்று எழும்பி, கடைசியில் கொஞ்சம் இழுக்கும் சத்தம். அதற்கு முன்னால் எங்கள் டப்பாக்கள் எல்லாம் வெறும் இருமல்.

ஒரு மத்தியானம் அவர் இல்லாத நேரத்தில் அந்த வாளியை எடுத்து வந்தேன். எடுத்து வந்தேன் என்று எழுதுகிறேன் பாருங்கள். திருடினேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சிவப்புப் பெயிண்டும் அடித்தேன்.

அன்று சாயங்காலமே அக்கா தேடினார். நானும் கூடவே தேடினேன்.

"எந்தப் பாழாப்போனவன் எடுத்தானோ கண்ணு."

"அவன் கை வெளங்காதுங்க்கா" என்று என்னையே சபித்தேன். நடிப்பில் குறை வேண்டாமென்று வேலி முள்ளுக்குள் கையை விட்டுத் துழாவினேன். முள் நீளமாகக் கிழித்தது. அக்கா மஞ்சள் வைத்துக் கட்டி, தயிர்ச்சோறும் போட்டார். வெட்கமில்லாமல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

புது பிளாஸ்டிக் வாளியைத் தட்டினால் மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்துக்கு நேராக வைத்தாலும் பாதிதான் குடித்தது. பால் குறைந்தது. அக்கா அதை என்னிடம்தான் சொல்லி வருத்தப்பட்டார். நான் உச்சுக்கொட்டினேன். சாயங்காலம் காங்கேயத்தில் அதே வாளியில் கைத்தட்டு வாங்கினேன்.

பிறகு எங்கள் ஊர் நால்ரோட்டில் பேக்கரி திறந்தார்கள். திறப்பு விழாவுக்குத் தாளம் போட எங்களைக் கூப்பிட்டார்கள்.

"நம்மூர்ல வேண்டாம் மாப்ள" என்றேன்.

"ஏன்டா, காங்கயத்துல சிங்கம், இங்க பூனையா? வீடியோ எடுக்கறாங்களாம்" என்றான் கூட்டாளி.

வீடியோ என்றதும் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நல்ல கூட்டம். வாளியை மடியில் சாய்த்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முகத்தில் சூடாக மூச்சுப் பட்டது. கண்ணைத் திறந்தால் மாடு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, வாளிக்குள் முகத்தை விட்டது. உள்ளே ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து "ம்மா" என்றது.

"அட, மாட்டையும் பழக்கி வெச்சிருக்கானுங்கடா!" யாரோ கத்தினார்கள். ஒரே கைத்தட்டு. என் ஆயுசில் அவ்வளவு கைத்தட்டு வாங்கியதில்லை.

மாட்டின் பின்னாலேயே அக்கா மூச்சிரைக்க வந்தார். சிவப்பு வாளியைப் பார்த்தார். குனிந்து, விரல் கணுவால் மூன்று தட்டு தட்டினார். மாடு காதை விடைத்தது.

"சந்தையில இவன் வாங்குனதுங்க்கா" என்றான் கூட்டாளி. பாவம், நான் சொன்ன பொய்யை நம்பியவன்.

அக்கா வாளியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்.

"முள்ளு கிழிச்சது ஆறிருச்சா கண்ணு?"

"ஆறிருச்சுங்க்கா."

நான்தான் எடுத்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். மாடு பின்னாலேயே போனது. கூட்டம் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அக்கா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தயிர்ச்சோற்றுக்கும் கூப்பிடவில்லை. வாளி அவர் வாசலில், வெளியே போகும்போதெல்லாம் என் கண்ணில் படும் இடத்தில்தான் இருக்கிறது. சிவப்பு கொஞ்சம்கூட உரியவில்லை. என் கையால் அடித்த பெயிண்டில் ஒழுங்காக ஒட்டியது அது ஒன்றுதான்.