இருபத்தேழுக்கு இரண்டு குரல்

எங்கள் அறையில் நான்கு பேர் இருந்தோம். வருகைப்பதிவுக்கு ஒருவன் போதும்.

அந்த ஒருவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியில் அவன் பெயர் மைக்செட். அவன் அப்பா ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கல்யாணமோ கூட்டமோ, கம்பத்தில் குழாயைக் கட்டியதும் மைக்கைத் தட்டி "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பார்ப்பது ஆறு வயதிலிருந்து இவன் வேலை. மேடையில் பேசியவர் இறங்கிக் காரில் ஏறுவதற்குள் அவருடைய இருமல், இழுவை, நடுவில் தண்ணீர் கேட்கும் விதம் எல்லாம் இவன் தொண்டைக்கு வந்துவிடும். "எங்கப்பா குரலைப் பெருசாக்குவார். நான் லவட்டிடுவேன்" என்பான்.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் நெட்டை. அறையின் மின்விசிறியை நாற்காலி போடாமல் துடைக்கிறவன். இன்னொருவன் டாக்டர். இயற்பியல்தான் படித்தான், ஆனால் தலைவலியிலிருந்து வயிற்றுப்போக்கு வரை எல்லாவற்றுக்கும் அவனுடைய தகரப் பெட்டியில் மாத்திரை இருக்கும். மூன்றாவது ஆள் நான். முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னபோது, "எங்க குடும்பத்துலயே பட்டம் வாங்கப்போற முதல் ஆள் நான்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்று மாலைக்குள் எனக்குப் பெயர் பட்டதாரி. கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கோ ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் இனித்தது.

வகுப்பில் எல்லோரும் "எஸ் சார்" என்பார்கள். நான் மட்டும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் "உள்ளேன் ஐயா" என்பேன். அதிலும் "உள்ளேன்" சொன்ன பிறகு ஒரு எச்சில் விழுங்கல், அப்புறம்தான் "ஐயா". எனக்கே தெரியாத அந்த விழுங்கலை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் மைக்செட். முதல் மாதத்திலேயே எங்கள் மூன்று குரலும் அவன் கைக்குள் போய்விட்டது. ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா விடுதிக்குப் போன் செய்ய, இவன் போய் நானாகப் பேசியிருக்கிறான். மாடு கன்று போட்டதா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று பத்து நிமிடம். அடுத்த விடுமுறையில் அம்மா சொன்னாள்: "அன்னைக்கு ஒரு நாள்தான்டா நீ பாசமா பேசின."

வராதவனுக்கு வந்தவன் குரல் கொடுப்பது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறதுதான். எங்களிடம் அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. சட்டம் போட்டவன் மைக்செட்டே. "யாரு மாட்டினாலும் மாட்டினவன் தனியா நிப்பான். மத்தவங்க சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். தெரியாது. வேற ஒரு எழுத்து வாயில இருந்து வரக்கூடாது. எங்க, சொல்லுங்க பாப்போம்." கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து மூவரும் "தெரியாது சார்" என்று ஒத்திகை பார்த்தோம். நெட்டைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இப்படிச் சிரிச்சா உன்னோட சேர்த்து என்னையும் தூக்குவாங்கடா ஒட்டகம்" என்று மைக்செட் அவனைத் தலையணையால் அடித்தான்.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் மைக்செட் ஒருமுறை மாட்டினான். கல்லூரி முதல்வர் மேடத்தின் குரலில் அலுவலகத்துக்குப் போன் செய்து, "இன்னைக்கு மத்தியானம் லீவ் விட்ருங்க" என்று சொல்லிவிட்டான். அரைக் கல்லூரி காலியான பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு முறை ஏதாவது செய்தால் நீக்கம். அந்தக் கடிதத்தை மடித்துப் பரீட்சை அட்டைக்குள் வைத்திருந்தான். எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு கடைசிப் பருவத்தில், அறுவடைக்கு நான்கு நாள் இருக்கும்போது, அப்பா வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. எனக்கு ஏற்கனவே வருகை எழுபத்தேழு சதவீதம்தான். எழுபத்தைந்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடம் போனால் பெரியப்பா சும்மா இருக்கமாட்டார். படிச்சது போதும், வயலைப் பாருடா என்பார். அப்பாவுக்கு எதிர்த்துப் பேச நாக்கு வராது.

பையை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மைக்செட்தான் பையைத் தூக்கி என் தோளில் மாட்டினான்.

"கிளம்புடா. இருபத்தேழை நான் பாத்துக்கறேன்."

"உனக்கு லெட்டர் இருக்குடா."

"லெட்டர் எனக்குத்தானே இருக்கு, உனக்கா இருக்கு? போய் அறுப்பைப் பாரு. நீ பட்டதாரி ஆகலைன்னா உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது, புதுசா யோசிக்கணும்."

இருபத்தேழு என் வரிசை எண். பதினெட்டு நாள் எனக்காக அவன் "உள்ளேன்" சொல்லி, எச்சில் விழுங்கி, "ஐயா" சொன்னான். இயற்பியல் பேராசிரியர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எண்ணை வாசிக்கிறவர். ஒன்றும் தவறவில்லை.

தவறியது பத்தொன்பதாம் நாள். நான் மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தேன். அறுவடை ஒரு நாள் முன்னதாக முடிந்துவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. எனக்காக அவன் இன்னொரு நாளும் துணிய வேண்டாம் என்றுதான், உண்மையாகவே அதற்காகத்தான், விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இறங்கி விடுதிக்குக்கூடப் போகாமல் ஓடினேன். பின்வாசல் வழியாக நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் "இருபத்தேழு" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

இரண்டாவது பெஞ்சிலிருந்தும் "உள்ளேன் ஐயா" வந்தது. அதே குரல். அதே விழுங்கல். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தன.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் ஒரு நொடி சிரித்துவிட்டேன். பேராசிரியர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். நான் எழுந்திருப்பதற்கு முன் மைக்செட் எழுந்து நின்றுவிட்டான்.

முதல்வர் அறைக்கு அரைக்கதவுதான். உள்ளே பேசுவது வெளியே வராந்தாவில் கேட்கும். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் சொன்னது எங்களுக்குக் கேட்டது: "சும்மா விளையாட்டுக்குப் பண்ணேன் மேடம். இன்னைக்கு மட்டும்தான். அவனுக்கு எதுவும் தெரியாது." வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றான். நெட்டை போனான். "தெரியாது மேடம்." டாக்டர் போனான். "தெரியாது மேடம்." அடுத்தது நான்.

பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்தது. என் நகக்கண்ணில் வயல்மண் இன்னும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அவன் உனக்குக் குரல் குடுக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

முதல்வர் பக்கத்தைத் திருப்பினார். "இந்த மாசம் ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை. எல்லா நாளும் நீயேதான் வந்தியா?"

எங்கள் ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. இதற்குத் "தெரியாது" பதிலாகாது. ஆமாம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றை நானாகச் சொல்லவேண்டும். அரைக்கதவின் கீழே அவனுடைய செருப்பு தெரிந்தது. இடது செருப்பின் வாரைக் கம்பியால் கட்டியிருந்தான்.

"வந்தேன் மேடம்" என்றேன்.

அவர் என் விண்ணப்பத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "முதல் தலைமுறைல்ல நீ? கண்டவனோட சேராம ஒழுங்காப் படி" என்றார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் நீக்க ஆணை வந்தது. அவன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பதை மூவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தலைவலி மாத்திரையை நீட்டினான். "இதுக்கு மாத்திரை இருக்காடா உங்கிட்ட?" என்று சிரித்தபடி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெட்டியின் ஒரு காதை அவன் பிடிக்க, இன்னொரு காதை நான் பிடித்து பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். நான் ஏதாவது சொல்வேன் என்று அவன் எதிர்பார்த்தானா, தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலுக்கு வந்தான்.

"டேய் பட்டதாரி, பரீட்சையை ஒழுங்கா எழுது. பதினெட்டு நாள் உன் தொண்டையில இருந்திருக்கேன், ஒரே வறட்சி. தண்ணி குடிடா நிறைய."

அடுத்த நாள் வருகைப்பதிவில் அவன் எண்ணையும் பழக்கத்தில் வாசித்துவிட்டார்கள். முப்பத்தொன்று. நாங்கள் மூவரும் குனிந்துகொண்டோம். எங்கள் எல்லோருடைய குரலும் அவனிடம் இருந்தது. அவன் குரலில் ஒரு "எஸ் சார்" சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வராது.

நான் பரீட்சை எழுதினேன், தேறினேன், பட்டமும் வாங்கினேன். கறுப்பு அங்கியில் எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா காட்டிவிடுவார். சான்றிதழ் வாங்கப் போன அன்று இயற்பியல் பேராசிரியர் வராந்தாவில் நிறுத்தினார். "உங்கப்பா கால் இப்ப எப்படிப்பா இருக்கு?" என்றார். "அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னைக்கே சொல்லியிருந்தா மேடம் ரெண்டு பேரையும் திட்டி விட்டிருப்பாங்கப்பா. விளையாட்டுக்குப் பண்ணேன்னு சொன்னான் பாரு, அதுலதான் அவங்களுக்குக் கோபம் தலைக்கேறிப்போச்சு." சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். கையில் சான்றிதழ் உறையோடு அங்கேயே நின்றேன்.

ஆரம்பத்தில் அவனுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். "நல்லா இருக்கேன்டா" என்பான். பிறகு நான் செய்வது குறைந்தது, அவன் எடுப்பதும் குறைந்தது. அவன் அப்பாவின் ஒலிபெருக்கிக் கடையை மூடிவிட்டார்கள், அக்கா வீட்டுக்காரர் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நெட்டை சொல்லிக் கேள்விப்பட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவைக் கண் காட்ட அழைத்துப் போனேன். இப்போது நான் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. புறநோயாளிகள் கூடத்தில் சீட்டு எண் அறுபத்துமூன்று என்று கொடுத்தார்கள். மருத்துவர் அறை வாசலில், ஸ்டூல் போட்டு, எண்களைக் கூப்பிட ஓர் ஆள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை கூப்பிடுவான். வராவிட்டால் சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த எண். மைக் கிடையாது.

அறுபத்துமூன்று வந்ததும் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினேன். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

"டேய் பட்டதாரி!"

கண்ணில் சொட்டுமருந்து விடவேண்டும், அரைமணி ஆகும் என்றார்கள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றேன். நெட்டை, டாக்டர் எல்லோரையும் விசாரித்தான். நடுநடுவே எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டான்.

"இப்பவும் குரல் பண்றியாடா?" என்றேன்.

"விட்டுட்டேன். இங்க அது ஆகாதுடா. வராதவனுக்கு நான் பதில் சொல்லிட்டா மருந்து யாரு குடிக்கறது?"

சிரித்தோம். நான்கு வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "அன்னைக்கு நான் தெரியும்னு சொல்லியிருக்கணும்."

அவன் கையிலிருந்த சீட்டுகளை ஒரே சீராகத் தட்டி அடுக்கினான்.

"கதவுக்கு வெளியதான்டா நின்னேன். நீ தெரியும்னு சொல்லிடப்போறியேன்னு எனக்கு ஒரே பயம். உன் படிப்பும் போயிடுமே. வந்தேன் மேடம்னு நீ சொன்னதும்தான் மூச்சே வந்துச்சு. நிசமாத்தான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினான். "படி இறங்கறப்பதான் அழுகை வந்தது. ஏன்னு அப்ப புரியலை. பயந்தேன்தான். ஆனா நீ சொல்லிடுவேன்னு நம்பித்தானேடா பயந்தேன்."

"அறுபத்தாறு" என்று கூப்பிட்டான். ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"யாருப்பா அது, எம்புள்ளைகிட்ட பேசிட்டிருக்கறது? இவனைத் தெரியுமாப்பா உனக்கு?"

ஒரு காலத்தில் பத்து நிமிடம் அவளுக்கு மகனாக இருந்தவன். சொந்தக் குரலில் அவன் அவளிடம் பேசியதே இல்லை. அவன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாதும்மா" என்றான். "சார் பக்கத்துல நின்னார், சும்மா பேசிட்டிருந்தேன். முட்டிவலி இப்ப பரவாயில்லையாம்மா? பாத்துப் போங்க."

முட்டிவலி இவனுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா யோசிக்கவில்லை. "பரவாயில்லப்பா" என்றாள்.

"தெரியும்மா" என்றேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டேன். "என்னோட படிச்சவன்மா. எனக்காகத்தான்மா இவன் படிப்பு போச்சு. எனக்குத் தெரியும்."

"என்னடா சொல்ற?" அம்மா அவன் பக்கமும் என் பக்கமும் திரும்பித் திரும்பி விழித்தாள். "எனக்கு ஒரு மூஞ்சியும் தெரியலடா. மருந்து விட்டிருக்காங்க."

அவன் அதற்குள் கதவுப் பக்கம் திரும்பியிருந்தான். "அறுபத்தேழு" என்று கூப்பிட்டான். யாரும் எழவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டான். மூன்றாவது முறை குரல் கொஞ்சம் உடைந்தது. சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்ததை எடுத்தான்.