கிராபிக்ஸ் கார்டுக்குப் பொட்டு

பழைய கம்ப்யூட்டருக்கு இன்று புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன். அதன் பசிக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது என்று அதையும் மாற்றினேன்.

பெட்டியை மூடுவதற்குள் அம்மா கார்டின் விசிறியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள்.

"புது வண்டின்னா வெக்கிறோம்ல?"

பெட்டியை மூடாமலே ஆன் செய்தேன். விசிறி சுற்றவில்லை.

"ஐயோ, நான் பொட்டு வெச்சதாலயாடா?"

"சூடானாதாம்மா சுத்தும்" என்று சொல்லிவிட்டு, எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டு கேமைத் திறந்தேன்.

திரையில் கடல். ஒவ்வொரு அலையிலும் வெயில் உடைந்து சிதறியது. ஈரமணலில் மேகம் நகர்ந்தது.

விசிறி சுற்றியது. என் வெள்ளைச் சட்டையெல்லாம் குங்குமம்.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. வீராம்பட்டினம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், திரையில் அலை வந்ததும் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கார்டைச் சோதிக்க இதைவிட நல்ல டெஸ்ட் இருந்தால் சொல்லுங்கள்.