கொழும்பு ரேடியோ கேட்ட நாள்

பூதப்பாண்டிப் பள்ளியில் நான் சாரணர் வாத்தியாராக இருந்தேன். ரேடியோ பேட்ஜ் வகுப்புக்காகச் செம்புக் கம்பியும் படிகக் கல்லும் வைத்து நானே ஒரு ரேடியோ செய்தேன். தென்னைமரத்தில் ஏரியல் கட்டியும் கொழும்பு நிலையம் கிடைக்கவில்லை.

வகுப்பன்று பின்னால் தலைமையாசிரியர் நின்றிருந்தார். ஹெட்போனை மாட்டினேன்; ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும், "அடடா, வயலின்!" என்றேன். அடுத்தடுத்து மாட்டிய பையன்களும் வயலின் கேட்பதாகத் தலையாட்டினார்கள். செல்லையா மட்டும், "எனக்கு ஒண்ணும் கேக்கல சார்" என்றான்.

"ஒனக்குக் காதுல கோளாறுடே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சில நாள் கழித்து அவன் அம்மா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தாள். "நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது சாரே. வைத்தியர் சொன்னாருன்னு காதுல எண்ணெ காய்ச்சி ஊத்துறேன். வலிக்குன்னு அழுகான், பிடிச்சு வச்சுதான் ஊத்துறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சரியாயிரும்" என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் நான் ஏரியலை இணைப்பதற்கு முன்பே செல்லையா ஓடிவந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். "இப்ப கேக்கு சார், வயலின். அம்மைட்ட சொல்லுங்க" என்றான்.

உண்மை சொன்ன ஒரே பையனையும் பொய் சொல்ல வைத்துவிட்டு, அவன் சட்டையில் நானே பேட்ஜைக் குத்தினேன்.